தவிலுக்குப் பக்கத்தில் ஒரு போலந்துக் கிளாரினெட்

வாட்ஸ்வாஃப் ஜிம்பெல் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுத உட்கார்ந்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் அப்படியே தள்ளிப்போகும். மனிதர் போலந்துக்காரர். முறையாகக் கிளாரினெட் படித்தவர், முன்கூட்டி எழுதிவைக்காமல் மேடையிலேயே கற்பனையாக வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ் மேடைகளில் வளர்ந்தவர், பெங்களூருக்கு வந்து கடம், கஞ்சிரா, தவிலோடு குழு அமைத்தவர், லாவோஸின் மூங்கில் வாத்தியம் ஒன்றை ஊதுபவர், ஹேமண்ட் ஆர்கன், ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின் விசைப்பலகைகளையும் வாசிப்பவர். கடந்த சில வருடங்களாகச் சிந்தசைஸர்களுக்கும், மின்சாரத்தால் ஒரே ஒலியை விடாமல் எழுப்பும் ஆசிலேட்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பட்டியலாகப் பார்த்தால், எதிலும் நிலைக்காமல் ஊர் மேயும் ஆள் போலத்தான் தெரியும்.

ஆனால் இத்தனைக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான் என்பது என் கட்சி. மூச்சை வைத்துக்கொண்டு தாளம் போட முடியுமா?

தாள வாத்தியக்காரருக்குக் கை ஓயும்வரை தாளம் உண்டு. ஊது வாத்தியக்காரருக்கு அப்படி இல்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு இழுத்தே ஆகவேண்டும், வாக்கியம் அங்கே உடையும். அதனால் உலகம் முழுக்க ஊது வாத்தியம் ராகத்தைப் பார்த்துக்கொள்ளும், தாளத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஜிம்பெலுக்கு அந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை. கிளாரினெட்டே ஒரு துடிப்பாக, திரும்பத் திரும்ப வரும் ஒரு சுற்றாக மாற வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நினைக்கிறார். அவர் எடுத்த ஒவ்வொரு புதிய கருவியும் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பதில் என்று வைத்துக் கேட்டால் எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கிறது. குறைந்தபட்சம் எனக்கு நிற்கிறது.

போலந்தில் மின்னணு இசை என்றால் உடனே சொல்லப்படுவது வேறு ஒரு கதை. 1957இல் வார்சாவில் போலந்து வானொலிக்குள் யூசெஃப் பட்கோவ்ஸ்கி தொடங்கிய பரிசோதனை ஸ்டூடியோ. கம்யூனிஸ்ட் ஆட்சி, அரசு வானொலி, அதற்குள்ளேயே டேப்பை வெட்டி ஒட்டி யாரும் கேட்டிராத ஒலிகளைச் செய்துகொண்டிருந்த ஒரு கூட்டம். கட்டடக் கலைஞர் ஆஸ்கர் ஹான்சன் 1962இல் அவர்களுக்கு வடிவமைத்துக் கொடுத்த அறையின் சுவர்ப் பலகைகளைத் திருப்பலாம். ஒரு பக்கம் ஒலியைத் திருப்பி அனுப்பும், மறுபக்கம் விழுங்கிவிடும். இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கி அங்கே வேலை செய்தார். யூகெனியுஷ் ருட்னிக் போன்ற ஒலிப் பொறியாளர்கள் அங்கேயே இசையமைப்பாளர்களாக மாறிப்போனார்கள். பெரிய கதை, தனியாக எழுத வேண்டும்.

ஜிம்பெல் அந்த வாசல் வழியாக வரவில்லை. கிளாரினெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜாஸ் வாசல் வழியாக வந்தவர். மின்சாரத்தை அவர் தொட்டதே ரொம்பத் தாமதமாகத்தான், அதுவும் வேறு வழி இல்லாமல் தொட்டது போலத்தான் எனக்குப் படுகிறது.

2010ஐ ஒட்டிய வருடங்களில் அவர் பெயர் ஏகப்பட்ட குழுக்களில் வரும். சிகாகோவின் கென் வேண்டர்மார்க் நடத்திய ரெசனன்ஸ் குழுவில் இருந்தார். அமெரிக்கப் பியானோக் கலைஞர் பாபி ஃப்யூவோடு சேர்ந்து அன்டிவைடட் என்ற குழு. அதில் பேஸ் வாசித்தவர் உக்ரைன்காரர், டிரம்ஸ் ஜெர்மன்காரர். இதெல்லாம் நல்ல ஃப்ரீ ஜாஸ், ஆனால் நல்ல ஃப்ரீ ஜாஸ் உலகத்தில் நிறைய இருக்கிறது. நான் நின்று கேட்பது வேறு இரண்டு குழுக்களை.

ஒன்று, இர்ஹா. மிகோவாய் ட்ஷாஸ்கா என்ற சாக்ஸஃபோன்காரர் தொடங்கியது. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது, வெறும் நான்கு கிளாரினெட்டுகள். வாசிப்பது யூத இசை. இரண்டாம் உலகப்போரில் போலந்தின் யூதர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களின் கல்யாண வீடுகளில் ஒலித்த வாத்தியங்களில் கிளாரினெட்டும் ஒன்று. வாசித்தவர்களும் இல்லை, கேட்டவர்களும் இல்லை, மெட்டுகள் மட்டும் பாக்கி. அதே மண்ணில் பல பத்தாண்டுகள் கழித்து நாலு பேர் அதே வாத்தியத்தை எடுத்து, பழைய கல்யாணக் கச்சேரியைப் பிரதி எடுக்காமல், மெதுவாக, ஒருவர் மூச்சு முடியும் இடத்தில் இன்னொருவர் தொடங்க, ஒரு நீண்ட ஒலியை அறுபடாமல் கொண்டுபோகிறார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மற்ற மூவர் தாங்குகிறார்கள். ஜிம்பெலின் கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான் என்று நினைக்கிறேன்: ஒரு மூச்சு போதாதென்றால் நாலு மூச்சு.

இன்னொன்று ஹேரா. அவரே தலைமை. 2011இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்குப் பல சமய மரபுகளின் இசையை எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 2013இல் சிகாகோ டிரம்மர் ஹமீத் டிரேக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் ஹர்டி கர்டி என்ற பழைய ஐரோப்பிய வாத்தியம் உண்டு. ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே மரச் சக்கரம் சுழன்று தந்திகளை உரசிக்கொண்டே இருக்கும். வில்லுக்கு முனை உண்டு, முனை வந்தால் திருப்ப வேண்டும். சக்கரத்துக்கு முனையே கிடையாது. சுற்றும்வரை சுருதி நிற்கும். நமக்குத் தம்புரா செய்யும் வேலை. கிளாரினெட் மூச்சு வாங்கும்போது பின்னால் அது நின்று பிடிக்கிறது. அவருக்கு இந்த இடைவிடாத அடித்தளத்தின் மீது எவ்வளவு மோகம் என்று இந்த ஆல்பங்களில்தான் முதலில் தெளிவாகத் தெரிகிறது. 2014இல் இதையே பெரிதாக்கி டோ டு ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் ஒரு ஆல்பம் போட்டார். சுற்றுச்சுற்றாக எழும்பும் நீண்ட துண்டுகள். ஜாஸ் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் முழித்திருப்பார்கள்.

இதற்கிடையில் 2012இல் பெங்களூர்.

கட வித்வான் கிரிதர் உடுப்பாவோடு சேர்ந்து ஜிம்பெல் அமைத்த குழுவின் பெயர் சாகரா. கடம், கஞ்சிரா, கே. ராஜாவின் தவில், மைசூர் என். கார்த்திக்கின் வயலின், ஜிம்பெலின் கிளாரினெட். முதல் ஆல்பம் 2015இல் வந்தது.

இந்த இடத்தில் நம்மூர் ஆட்களுக்கு ஒரு புன்னகை வரும், வரட்டும். தவிலுக்குப் பக்கத்தில் கிளாரினெட் என்பது நமக்கு ஒன்றும் அதிசயம் இல்லையே. 19ஆம் நூற்றாண்டிலேயே, பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரிக்குள் கிளாரினெட் நுழைந்துவிட்டது. அப்புறம் திருச்சியிலிருந்து ஏ.கே.சி. நடராஜன் வந்து, அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாகவே உட்கார வைத்து, 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பெயர் எடுத்து, 2008இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் வாங்கினார். அவருக்குப் பக்கத்திலும் தவில்தான். ஆனால் நடராஜன் செய்ததும் ஜிம்பெல் செய்வதும் நேர் எதிர்த் திசை. நடராஜனின் சாதனை, சாவிகள் நிறைந்த ஒரு மேற்கத்திய வாத்தியத்தில் கமகங்களைக் கொண்டுவந்தது. கண்ணை மூடினால் நாயனத்தின் தம்பி பாடுவது போல இருக்கும். ஜிம்பெல் கமகத்தின் பக்கமே அநேகமாகப் போவதில்லை. ராகத்தைப் 'பிடித்துக் காட்டும்' ஆசை அவரிடம் இல்லை. ஒரு சின்னச் சொற்றொடர், நாலைந்து சுரம், அதையே சுற்றிச் சுற்றி வாசிப்பார். அவர் கர்நாடக இசையிடமிருந்து வாங்கிக்கொண்டது தாளக் கணக்கை.

ஃப்யூஷன் என்ற பெயரில் வருபவற்றின் மீது எனக்கிருக்கும் கோபத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பெரும்பாலும் என்ன நடக்கும்? வெளிநாட்டுக் கலைஞர் ஒரு கீரவாணியையோ சாருகேசியையோ எடுத்து மேலோட்டமாக ஏறி இறங்குவார், நம் வித்வான்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், கடைசியில் டிரம்ஸுக்கும் மிருதங்கத்துக்கும் ஒரு போட்டி வைத்து அரங்கத்தைக் கைதட்ட வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ராகம் பல வருட வேலை, மூன்று ஒத்திகையில் வராது. ஜிம்பெல் அந்த உண்மையை மதித்து ஒதுங்கியிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒதுங்கிய இடத்திலிருந்து, தாளக்காரர்கள் போடும் கட்டடத்துக்குள் தன் கிளாரினெட்டை ஒரு செங்கல்லாக வைக்கிறார்.

எங்கள் ஊர்க் கோயிலில் தவில் வாசிக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். சாகராவின் இரண்டாவது ஆல்பத்தை அவருக்கு இயர்போனில் போட்டுக் காட்டினேன். முதலில் ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் டீ கீழே போய்விட்டது, இன்னொரு காதிலும் வைத்துக்கொண்டார், வலது கை தொடையில் கணக்குப் போட ஆரம்பித்தது. ஒரு துண்டு முடிந்ததும் கழற்றிவிட்டு, "தவிலை ரொம்ப அடக்கி வெச்சிருக்காங்க தம்பி, நம்ம கோயில்ல இப்படி வாசிச்சா வெளிப் பிரகாரத்துக்கே கேக்காது" என்றார். "அது ஸ்டூடியோண்ணே, மைக்கு வெச்சிருப்பாங்க" என்றேன். "தெரியுது, தெரியுது. ஆனா கையி நல்ல கையி" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "அந்த ஊதுறவரு மூச்சு எங்க விடுறாரு?" என்று கேட்டார். நான் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருப்பதை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

தவிலை அடக்குவது என்பது சின்ன வேலை இல்லை. பலா மரத்தைக் குடைந்த உடல், வலது கை விரல்களில் கல்லாக இறுகிய கூடுகள், இடது கையில் குச்சி. திறந்தவெளியில், தேருக்கு முன்னால், ஊர்க் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் கேட்பதற்காகவே வளர்ந்த வாத்தியம் அது. அதனோடு சமமாக நிற்க நாதஸ்வரத்துக்குத்தான் முடியும். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி ஒலி, குறிப்பாக ஜிம்பெல் விரும்பும் ஆல்டோ கிளாரினெட்டின் ஒலி, தவிலுக்கு முன்னால் இருக்கும் இடம் தெரியாது. அதனால் மைக், மிக்ஸிங், ஒலி சமநிலை எல்லாம் இந்தக் குழுவுக்குப் பின்னால் சேர்க்கும் அலங்காரமாக இருக்க முடியாது. அவை இல்லாமல் இந்தச் சேர்க்கையே கேட்காது. மின்சாரம் இவர் இசைக்குள் வந்த வழிகளில் ஒன்று இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வழி, தனிமை. 2016இல் 'லைன்ஸ்' என்ற தனி ஆல்பம். கிராகோவின் இன்ஸ்டன்ட் கிளாசிக் நிறுவனம் வெளியிட்டது. அவரைப் புதிதாகக் கேட்பவர்கள் இங்கே தொடங்குவது உத்தமம். எல்லாவற்றையும் அவரே வாசிக்கிறார், அடுக்கடுக்காகப் பதிவு செய்து சேர்க்கிறார். ஒரு கிளாரினெட் வரியை வாசித்துச் சுற்றவிட்டு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. நாலு பேர் சேர்ந்து செய்ததை இப்போது ஒருவரே செய்கிறார், மூச்சு வாங்கும் இடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வராமல் மாற்றி வைத்து.

இதில் கேன் என்ற லாவோஸ் வாத்தியம் வருகிறது. இரண்டு வரிசையாகக் கட்டிய மூங்கில் குழாய்கள், ஒவ்வொன்றிலும் மெல்லிய உலோக நாக்கு. ஊதினாலும் அதே சுரம் வரும், உள்ளே இழுத்தாலும் அதே சுரம் வரும். யோசித்துப் பாருங்கள், ஊது வாத்தியக்காரரின் நிரந்தரத் தொல்லையை லாவோஸ்காரர்கள் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள். மூச்சு வாங்குவதே வாசிப்புதான். இழுப்பதும் விடுவதும் ஒரு தாளமாகவே ஆகிவிடும், உடலின் சொந்தத் தாளம். ஜிம்பெல் இந்த வாத்தியத்தில் விழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

'லைன்ஸ்' கேட்கும் எவருக்கும், சின்னத் துணுக்குகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி இசைக்கும் மினிமலிசத்தின் அமெரிக்க இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலியும் ஸ்டீவ் ரைக்கும் ஞாபகம் வருவார்கள். ரைலி 1960களில் இரண்டு டேப் இயந்திரங்களை இணைத்து, தன் சாக்ஸஃபோன் ஒலி சற்று நேரம் கழித்துத் தனக்கே திரும்பி வரும்படி செய்து, அதோடு சேர்ந்து வாசித்தவர். அப்புறம் 1970இல் ஹிந்துஸ்தானி இசையின் கிரானா கரானா என்ற பரம்பரையைச் சேர்ந்த பண்டித பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்து, வருடக்கணக்கில் பாட்டுப் படித்தார். அமெரிக்க மினிமலிசம் இந்தியாவிடம் கடன் வாங்கியது. அந்த மினிமலிசத்தில் ஊறிய போலந்துக்காரர் பெங்களூருக்கு வந்து மூலக்கடைக்கே போய் நிற்கிறார். ஆனால் ஜிம்பெல் அமெரிக்கர்களோடு நின்றுவிடவில்லை. 'லைன்ஸ்' ஆல்பத்தில் ஒக்கெகெம் என்ற பழைய இசையமைப்பாளரின் 'தேயோ கிராட்சியாஸ்' இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டுத் தேவாலய இசை, ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக நுழைந்து பாடும் கானன். வாசித்ததைப் பதிந்து சுற்றவிடும் லூப் பெடல் வருவதற்கு ஐந்நூறு வருடம் முன்னால் அதே வேலையை மனிதத் தொண்டைகளை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அந்த வருடத்துக்கான 'பொலிட்டிகா' வார இதழின் பாஸ்போர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. போலந்தில் அது கௌரவமான விருது. எந்தப் பிரிவில் தெரியுமா? வெகுசன இசை! கேன் ஊதுகிற, ஒக்கெகெம் வாசிக்கிற ஆளை வெகுசன இசையில் வைக்கும் நாடு வாழ்க.

அதே காலத்தில் பியானோ, டிரம்ஸோடு லாம் என்ற மூவர் குழு, 2017இல் கிடார்காரர் குபா ஜியோவெக்கோடு ஒரு ஆல்பம். இரண்டும் நன்றாக இருக்கும், அவசரம் இல்லை, பிறகு கேட்கலாம்.

சாகராவின் இரண்டாவது ஆல்பமும் 2017தான். தலைப்பே '2'. முதல் ஆல்பம் எனக்குக் கொஞ்சம் மரியாதை அதிகமான வேலையாகப் பட்டது. ஒருவருக்கொருவர் வழிவிட்டு, அழகாக, பிசிறில்லாமல். இரண்டாவதில் மூரிட்ஸ் என்ற போலந்துத் தயாரிப்பாளர் உள்ளே வந்து மின்னணு வேலைகளைச் செய்தார். இங்கேதான் குழு நிஜமாகவே தடம் மாறுகிறது. கஞ்சிராவைக் கவனித்துக் கேளுங்கள். உள்ளங்கை அளவு வாத்தியம், தோலில் தண்ணீர் தடவி இளக்கி, இடது கை விரலால் அழுத்தி ஒலியை வளைப்பார்கள், சின்னச் சட்டத்திலிருந்து வயிற்றைத் தொடும் ஒரு 'கும்' வரும். சிந்தசைஸரின் பேஸ் அந்தக் 'கும்'முக்கு அடியில் வந்து உட்காரும்போது எது தோல், எது மின்சாரம் என்று சட்டென்று சொல்ல முடியாது. நான் பேருந்தில் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு போகும்போது இந்த மாதிரி இடங்களை மட்டும் பின்னுக்கு இழுத்து இழுத்துக் கேட்பது வழக்கம்.

2018இல் ஜேம்ஸ் ஹோல்டனோடு ஒரு சின்ன வெளியீடு. ஹோல்டன் இங்கிலாந்தில் நடன இசையில் பெரிய பெயர் வாங்கி, அந்தப் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் மாடுலர் சிந்தசைஸர் பக்கமும், மொராக்கோவின் க்னாவா இசைக் கலைஞர்கள் பக்கமும் நகர்ந்தவர். இருவருக்கும் பிடித்த விஷயம் ஒன்றே, திரும்பத் திரும்ப வந்து மயக்கும் சுற்று. ஹோல்டனின் இயந்திரங்கள் கடிகாரம் போல ஓடாது, வாசிப்பவரோடு சேர்ந்து முன்னும் பின்னும் தளும்பும்படி வைத்திருப்பார். தாளம் என்றால் கறாரான கட்டம் என்று நினைக்கும் எலக்ட்ரானிக் ஆட்களோடு ஜிம்பெலால் நீண்ட காலம் வேலை செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் 2020இல் 'மாஸிவ் ஆசிலேஷன்ஸ்'. நெதர்லாந்தின் டென் பாஸ் ஊரில் வில்லம் ட்வே என்ற ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே உள்ளவற்றில் பல, இசைக்காகச் செய்த கருவிகளே இல்லை. பொறியாளர்கள் மின்சுற்றுகளைச் சோதிக்க வைத்திருந்த பழைய ஆசிலேட்டர்கள், வடிகட்டிகள், அளவைப் பெட்டிகள். 1950களில் சிந்தசைஸர் என்ற பொருளே கடையில் கிடையாது. ஜெர்மனியின் கொலோனிலும் வார்சாவிலும் இசையமைத்தவர்கள் இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான் வானொலி நிலையத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். விசைப்பலகை கிடையாது. ஒரு பெரிய குமிழைத் திருகினால் ஒலி மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதான். ஒரு மெட்டு வாசிக்க வேண்டும் என்றால் அது பெரும்பாடு. ஆனால் ஒரு ஒலியை அப்படியே நிறுத்தி வைக்க, இரண்டு ஒலிகளை மிக நெருக்கமாக வைத்து அவை மோதி அலையலையாகத் துடிப்பதைக் கேட்க, இதைவிட நல்ல கருவி இல்லை. 200 ஹெர்ட்ஸில் ஒன்றும் 203 ஹெர்ட்ஸில் ஒன்றும் வைத்தால் நொடிக்கு மூன்று முறை துடிக்கும். யாரும் தட்டாமலே தாளம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கிளாரினெட் ஒருபக்கம் மூடிய குழாய் மாதிரி நடந்துகொள்கிற வாத்தியம். அதனால் அதன் கீழ்ச் சுரங்களில் ஒற்றைப்படை மேற்சுரங்களே (சுரத்தோடு கூடவே ஒலிக்கும் 3, 5, 7 மடங்கு அதிர்வுகள்) ஓங்கி நிற்கும். மின்னணு இசையில் சதுர அலை என்று சொல்வார்களே, அதன் அமைப்பும் அதேதான். மரத்தால் செய்த வாத்தியங்களில் ஆசிலேட்டருக்கு நெருங்கிய சொந்தம் கிளாரினெட் என்று தைரியமாகச் சொல்லலாம். ஜிம்பெல் மின்சாரத்துக்குப் போனதை ஒரு ஜாஸ்காரர் கட்சி மாறியதாகச் சிலர் பேசுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அவர் கையில் இருந்த குழாய்க்குள் அது ஏற்கெனவே இருந்தது.

சொல்லிவிடுகிறேன், இந்த ஆல்பம் எளிதில்லை. வேலைக்கு நடுவே பின்னணியில் போட்டால் எரிச்சல்தான் வரும். ராத்திரி சத்தமாக வைத்து, வேறு எதுவும் செய்யாமல் கேட்க வேண்டிய சரக்கு.

அதே 2020இல் ஷாக்கிள்டனோடு 'பிரைமல் ஃபார்ம்ஸ்'. டப்ஸ்டெப் என்ற, பேஸ் கனத்த மின்னணு நடன இசைத் தலைமுறையில் வந்த ஆங்கிலேயர், பேஸ் ஒலியையும் கைவாத்தியத் தாளங்களையும் கலப்பதில் கைதேர்ந்தவர். மூன்று வருடம் கழித்து இருவரும் பெங்களூரின் இளம் ஹிந்துஸ்தானிப் பாடகர் சித்தார்த்த பெல்மண்ணுவைச் சேர்த்துக்கொண்டு 'இன் தி செல் ஆஃப் டிரீம்ஸ்' செய்தார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பெல்மண்ணுவின் குரல் அபாரம், ஆனால் அந்தக் குரல் வந்ததுமே காது அதன் பின்னால் போய்விடுகிறது, மற்ற இருவரும் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தாலும் அது சூழல் ஒலியாக ஒதுங்கிவிடுகிறது. நல்ல பாடகரைக் கூப்பிட்டால் வரும் சிக்கல். வேறு பலருக்கு இதுவே மிகவும் பிடித்த ஆல்பம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2023இல் 'டிரெய்ன் ஸ்பாட்டர்', வார்சா நகரத்தின் ஒலிகளை வைத்துக் கட்டிய தனி ஆல்பம். ஒரு நகரம் தன்னையறியாமல் போடும் தாளங்கள். மற்றவற்றைவிட நேரடியாகக் காலை ஆட்ட வைக்கும். இவருக்குள் இவ்வளவு விளையாட்டுத்தனம் இருக்கிறதா என்று கேட்க வைத்த ஆல்பம்.

சாகராவின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஏழு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் கிளிட்டர்பீட் இசை நிறுவனத்தின் டக்டில் பிரிவில் வந்தது, தலைப்பு வழக்கம்போல '3'. கடம், கஞ்சிரா, தவில், வயலின் எல்லாம் இருக்கின்றன, ஆனால் இடையில் ஜிம்பெல் ஆசிலேட்டர்களோடும் ஹோல்டனோடும் ஷாக்கிள்டனோடும் கற்றுக்கொண்டதெல்லாம் கூடவே வந்திருக்கிறது. இரண்டாவது ஆல்பத்தில் மின்சாரம் விருந்தாளி. இதில் அதுவும் வீட்டு ஆள். தாளக்காரர்களின் அடியும் சிந்தசைஸரின் துடிப்பும் ஒரே பின்னலில் ஓடுகின்றன. கிளாரினெட் பல இடங்களில் எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டியிருக்கிறது, அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. தான் அமைத்த குழுவில் தன் வாத்தியத்தை இப்படிக் கரைத்துவிட எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஒரே ஒரு மனத்தாங்கல், அது அவர் மீது இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த விமர்சனங்கள் பலவற்றைத் தேடிப் படித்தேன். ஜிம்பெலுக்கு நாலு பத்தி, ரைலிக்கு ஒரு பத்தி, தென்னிந்தியத் தாளக்காரர்களுக்கு 'மயக்கும்', 'பழமையான' என்று இரண்டு அடைமொழி. கிரிதர் உடுப்பா பற்றியாவது ஒரு வரி வரும். கே. ராஜா வெறும் பெயர். அந்த ஆல்பத்தில் கணம்தோறும் முடிவெடுப்பது அவர் விரல்களும்தான். கடத்தின் சொல்லுக்கும் தவிலின் உருட்டுச் சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் 'இந்தியத் தாளம்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். பழமையானதாம்! தாளக் கணக்கை நேற்று ராத்திரி உட்கார்ந்து புதிதாகப் பின்னிக்கொண்டு வந்திருப்பார் மனிதர். இந்த வேலையை நம் பக்கத்து ஆட்கள்தான் எழுதிச் செய்யவேண்டும். தவில் வாசிப்பைச் சொல்சொல்லாகப் பிரித்து விளக்கத் தெரிந்த யாராவது '3'ஐக் கேட்டு எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

2025இல் ஹோல்டனோடு மறுபடி சேர்ந்து ஒரு முழு ஆல்பம் வந்திருக்கிறது, 'தி யூனிவர்ஸ் வில் டேக் கேர் ஆஃப் யூ'. 2018இல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள், ஆனால் அவசரம் குறைந்திருக்கிறது, வெளிச்சம் கூடியிருக்கிறது. எங்கே மூச்சு விடுகிறார், எங்கே இயந்திரம் தாங்குகிறது என்று பிரிக்க முயன்று நான் விட்டுவிட்டேன். கேட்க விரும்புகிறவர்கள் முதலில் 'லைன்ஸ்', அடுத்து சாகராவின் '3', அதிலிருந்து பின்னால் போய் '2', கடைசியில் இந்தப் புதிய ஆல்பம் என்று போகலாம். 'மாஸிவ் ஆசிலேஷன்ஸ்' பக்கம் வீட்டில் யாரும் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், ஏதோ ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆகிவிட்டது என்று எங்கள் வீட்டில் ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிடப் போய்விட்டார்கள்.